போஸ்ட் ஆபீஸ் ஜாயின்ட் அக்கவுண்ட்: வீட்டில் மூன்று ஜோடி இருந்தால் எதை யாருக்கு எடுப்பது?

சேலத்தில் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பீரோவைத் திறந்தால் பத்திரத்துக்கும் நகைப்பெட்டிக்கும் நடுவில் ஒரு போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்காவது இருக்கும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, மகன் மருமகள் என்று மூன்று ஜோடி ஒரே கூரையின் கீழ் இருந்தால் மூன்று நான்கு பாஸ்புக். வட்டி எவ்வளவு என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். மனைவியின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது, அந்தப் பெயருக்கு என்ன அதிகாரம் என்று விசாரிப்பவர்கள் குறைவு. போஸ்ட் ஆபீஸின் கூட்டுக் கணக்குகளை இந்தக் கேள்வியை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மதிக்கும் வீட்டில் பணத்தின் மேலும் இரண்டு பேருக்கும் சொல் இருக்க வேண்டும். அந்தச் சொல்லைப் பாஸ்புக்கில் ஏற்ற முடியும். எந்தத் திட்டத்தில் எவ்வளவு தூரம் முடியும் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் ஏ, பி விவகாரம். கணக்கு திறக்கும் படிவத்தில் ‘ஜாயின்ட் ஏ’, ‘ஜாயின்ட் பி’ என்று இரண்டு வகை உண்டு. ஏ என்றால் பணம் எடுக்கவும் கணக்கை முடிக்கவும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பி என்றால் இருவரில் யார் போட்டாலும் போதும். இரண்டிலுமே ஒருவர் காலமானால் மற்றவருக்கு வந்து சேரும். கவுண்ட்டரில் கூட்டமாக இருக்கும்போது, ஏஜென்ட்டோ பின்னால் நிற்பவரோ “பி போடுங்க, அதுதான் சுலபம்” என்று சொல்லிவிடுவார்கள். சுலபம்தான், ஆனால் எல்லாக் கணக்குக்கும் அது சரியல்ல. பி வகையில் வைத்த டெபாசிட்டைக் கணவர் மட்டும் போய் முன்கூட்டியே முடித்துவிடலாம். மனைவிக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. மனைவி தனியாகப் போய் முடித்தாலும் அதேதான். வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் சேவிங்ஸ் கணக்குக்கு பி பொருந்தும். ஐந்து வருடத்துக்குப் பூட்டி வைக்கும் பெருந்தொகைக்கு ஏ வகையே எங்கள் சிபாரிசு.

ஏ வகையில் சிரமமும் உண்டு. அந்த வகையில் திறந்த சேவிங்ஸ் கணக்குக்கு இணைய வங்கி வசதி கிடைக்காது. தனிக் கணக்குக்கும் பி வகைக்கும்தான் அது. இருவரில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அவருடைய கையெழுத்துக்காக வீட்டுக்கும் ஆபீசுக்கும் அலைய நேரிடும். அதனால் எழுபது எண்பது வயதைத் தாண்டிய, உடல்நலம் சரியில்லாத ஜோடிக்கு பி வகைதான் நடைமுறைக்கு ஒத்து வரும். ஐம்பதுகளில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஏ.

சேவிங்ஸ் கணக்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 500 ரூபாயில் திறக்கலாம், வட்டி 4%. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி போடுவார்கள். பத்தாம் தேதிக்கு முன்னால் போடும் பணத்துக்கு அந்த மாதமே வட்டி உண்டு. பதினொன்றாம் தேதி போட்டால் அந்த மாதத்துக்குக் கிடையாது. நிதியாண்டு முடியும்போது இருப்பு 500-க்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள். மூன்று நிதியாண்டு தொடர்ந்து போடாமலும் எடுக்காமலும் விட்டால் கணக்கு உறங்கிவிடும். எழுப்ப மறுபடி ஆதாரும் முகவரிச் சான்றும் கொடுக்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. தனிப்பெயரில் திறந்த சேவிங்ஸ் கணக்கில் பிறகு மனைவி பெயரைச் சேர்க்க முடியாது. தனிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்ற விதியில் இடமில்லை. “இப்ப என் பேர்ல தொறந்து வெச்சுக்கலாம், அப்புறமா உன் பேரச் சேத்துக்கலாம்” என்பது வங்கியில் நடக்கலாம், இங்கே நடக்காது. கல்யாணமான புதிதில் திறந்தாலும் சரி, அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு திறந்தாலும் சரி, முதல் நாளே இரண்டு பேரும் போய் உட்கார்ந்து திறக்க வேண்டும். இன்னொன்று: ஒருவர் காலமாகும்போது மற்றவருக்கு ஏற்கெனவே போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸில் தனிக் கணக்கு இருந்தால், கூட்டுக் கணக்கை முடிக்க வேண்டிவரும். பணம் எங்கும் போகாது. ஆனால் வேறு டெபாசிட்டிலிருந்து அந்தக் கணக்கில் மாதாமாதம் வந்து விழுந்த வட்டியை வேறு கணக்குக்கு மாற்ற மறந்தால் சில மாதம் தவிப்பு.

கூட்டுக் கணக்குகளில் நாங்கள் மனசாரப் பாராட்டுவது மாத வருமானத் திட்டத்தை, அதாவது எம்.ஐ.எஸ்-ஐ. காரணம் ஒரே ஒரு விதி: கூட்டுக் கணக்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் முதலீட்டில் சம பங்கு. யார் சம்பாதித்த பணம், யார் பெயர் முதலில் என்ற பேச்சே இல்லை. சேலத்தின் அம்மாபேட்டை, குகைப் பகுதிகளில் கைத்தறி வைத்திருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தறியில் உட்காருவது கணவராக இருக்கலாம். தார் சுற்றுவதும் இழை அறுந்தால் பிணைக்க ஓடிவருவதும் மனைவி. கூலி மட்டும் ஒரு பெயரில் வரும். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடுகளிலும் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தனியாகச் சம்பளம் எழுதுவதில்லை. நாற்பது வருட உழைப்பு ஒரு தொகையாகச் சேர்ந்து நிற்கும்போது, அதில் பாதி அந்த அம்மாவுடையது என்று அரசு விதியே சொல்கிற இடம் எம்.ஐ.எஸ். கூட்டுக் கணக்கு.

கணக்கு இப்படி. குறைந்தது 1,000 ரூபாய், பிறகு ஆயிரத்தின் மடங்காக. தனிக் கணக்கில் 9 லட்சம் வரை, கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். மூன்று பேர் வரை சேரலாம். 2025-இல் வட்டி 7.4%. திறக்கும் நாளில் உள்ள விகிதமே ஐந்து வருடமும் நிற்கும். காலாண்டுக்கு ஒருமுறை அரசு மாற்றுவது புதுக் கணக்குகளுக்குத்தான். 15 லட்சத்துக்கு மாதம் 9,250 ரூபாய் வரும். 9 லட்சத்துக்கு 5,550. இருவரும் சேர்ந்து 15 லட்சம் போட்டால் ஆளுக்கு ஏழரை லட்சம் என்று கணக்கு. ஒருவருக்கு உச்சவரம்பு 9 லட்சம் என்பதால், இருவரும் தலைக்கு ஒன்றரை லட்சம் தனிக் கணக்கிலும் போட்டுக்கொள்ளலாம். ஆகமொத்தம் ஒரு ஜோடிக்கு 18 லட்சம் வரை இடம் இருக்கிறது.

முதல் ஒரு வருடத்துக்குள் எடுக்க முடியாது. ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் முடித்தால் அசலில் 2% பிடிப்பு, மூன்றுக்கு மேல் ஐந்துக்குள் என்றால் 1%. 15 லட்சத்துக்கு 2% என்றால் 30,000 ரூபாய். ஒருவர் அவசரப்பட்டு எடுக்கும் முடிவால் இன்னொருவரும் இழக்கும் பணம் இது. ஏ வகை வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எம்.ஐ.எஸ்-இல் வழக்கமாக நடக்கும் தவறு வட்டி போய் விழும் இடத்தில். டெபாசிட் கூட்டுக் கணக்காக இருக்கும். மாத வட்டி கணவரின் தனி சேவிங்ஸுக்குப் போகும்படி எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்போது சம பங்கு பாஸ்புக்கில் மட்டும் இருக்கும். கையில் வருவது ஒருவருக்கே. முதலில் இருவர் பெயரிலும் சேவிங்ஸ் கணக்கு திறந்து, அந்த எண்ணைத்தான் எம்.ஐ.எஸ். படிவத்தில் எழுத வேண்டும். வட்டியை எடுக்காமல் எம்.ஐ.எஸ். கணக்கிலேயே விட்டால் அதற்கு வட்டி சேராது என்பதையும் நினைவில் வைக்கவும்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு நாங்கள் அவ்வளவு மதிப்பெண் தரமாட்டோம். வட்டி நன்றாக இருக்கிறது, 2025-இல் 8.2%. வரம்பு 30 லட்சம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில் வட்டி வரும். 15 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 30,750 ரூபாய். இரும்பாலையிலிருந்தோ மேட்டூர் அனல் மின் நிலையத்திலிருந்தோ ஓய்வு பெறுபவர்கள் பி.எஃப்., பணிக்கொடை வந்ததும் முதலில் யோசிப்பது இதைத்தான். வாழ்க்கைத் துணையை மட்டுமே கூட்டாகச் சேர்க்கலாம் என்று விதி வைத்திருப்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் முழுத் தொகையும் முதல் பெயருக்கு உரியவருடையது என்பதும் அதே விதிதான். இரண்டாவது பெயருக்கு அவர் இருக்கும்வரை பங்கு கிடையாது. “உன் பேரும் போட்டிருக்கேன் பாரு” என்று கணவர் மனதாரச் சொன்னாலும் சட்டப்படி அந்தப் பெயருக்கு எம்.ஐ.எஸ்-இல் உள்ள எடை இங்கே இல்லை. முதல் பெயர்க்காரர் காலமானால், துணைவர் கூட்டாளியாகவோ ஒரே நாமினியாகவோ இருந்து, அவருக்கும் இந்தத் திட்டத்தில் சேரும் தகுதி இருந்து, வேறு கணக்கு இல்லாமலும் இருந்தால், முதிர்வு வரை அப்படியே தொடரலாம். இது நல்ல வசதி. பங்குரிமை அல்ல.

இதற்கு வழி இருக்கிறது. மனைவிக்கும் 60 வயது முடிந்திருந்தால் அவரை முதல் பெயராக வைத்து இன்னொரு கணக்கு திறக்கலாம். இருவருக்கும் தனித்தனியே 30 லட்சம் வரம்பு. 20 லட்சம் இருந்தால் அவர் முதல் பெயரில் 10, இவர் முதல் பெயரில் 10, இரண்டிலும் மற்றவர் கூட்டாளி. ஒரு லட்சமோ அதற்கு மேலோ போடுவதென்றால் காசோலை வேண்டும், ரொக்கம் எடுக்கமாட்டார்கள். கணவர் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் போட்டால் அந்த வட்டி வருமான வரிக்குக் கணவரின் வருமானத்தோடு சேரும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் கணக்குத் தாக்கல் செய்யும்போது இதைக் காட்ட வேண்டும். மனைவிக்கு 60 ஆகவில்லையா? மூத்த குடிமக்கள் திட்டத்தில் பாதியும் எம்.ஐ.எஸ். கூட்டுக் கணக்கில் பாதியும் போடுவது நியாயமான பிரிவினை. வட்டியில் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவுக்கு அந்த அம்மாவின் பங்கு கிடைக்கிறது.

பாட்டி தலைமுறைக்கு இது கூடுதல் முக்கியம். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989 மார்ச் 25 முதல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் மாறி அந்தத் தடை நீங்கியபோது பல வீடுகளில் பாகப்பிரிவினை பதிவாகி முடிந்திருந்தது. பிறந்த வீட்டிலும் பங்கு வராமல், புகுந்த வீட்டிலும் தன் பெயரில் ஒன்றும் இல்லாமல் ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். கணவர் தனிப்பெயரில் வைத்திருந்து, நாமினியும் எழுதாமல், உயிலும் இல்லாமல் போய்விட்டால், மனைவி, மகன்கள், மகள்கள், இருந்தால் கணவரின் தாய் என எல்லோருக்கும் அந்தப் பணம் சரிபங்காகப் பிரியும். போஸ்ட் ஆபீஸில் நாமினி இல்லாத பணத்தை 5 லட்சம் வரை ஆறு மாதம் கழித்து வாரிசுகள் ஆவணம் கொடுத்து வாங்கலாம். அதற்கு மேல் என்றால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வர வேண்டும். தன் வீட்டுப் பணத்துக்காக மகன்களிடம் கையெழுத்துக் கேட்டு நிற்கும் நிலை எந்தப் பாட்டிக்கும் வரக்கூடாது.

நாமினியைப் பற்றி ஒரு தவறான பயம் உலவுகிறது. கூட்டுக் கணக்கில் மகனை நாமினி ஆக்கினால் மனைவிக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கூட்டாளிகள் இருவருமே காலமான பிறகுதான் நாமினி வருவார். அதனால் கூட்டுக் கணக்கில் மகனையோ மகளையோ நாமினியாகப் போடுவதில் தப்பே இல்லை. தனிக் கணக்கில்தான் யோசித்துப் போட வேண்டும்.

மகன் மருமகள் ஜோடிக்கு எம்.ஐ.எஸ். தேவைப்படாது. மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பான ஆர்.டி. பொருந்தும். மாதம் 100 ரூபாயிலிருந்து, 60 மாதம், வட்டி 2025-இல் 6.7%. மாதம் 5,000 கட்டினால் முடிவில் 3,56,830 ரூபாய். 15-ஆம் தேதிக்குள் திறந்தால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ திறந்தால் மாதக் கடைசி வேலை நாளுக்குள். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு மாதம் தவறினால் கணக்கு நின்றுபோகும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்கலாம். 12 தவணை கட்டியபின் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும். இருவரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் ஆளுக்கொரு தனி ஆர்.டி., வீட்டுச் செலவுக்கு பி வகை சேவிங்ஸ் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டாக்குவதுதான் மதிப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. அவரவருக்குத் தனியாகக் கொஞ்சம் இருப்பதும் மதிப்புதான்.

தெருவுக்கு வரும் பெண் ஏஜென்ட்டிடம் கட்டுபவர்கள் தவணை வாங்கியதற்கு அவர் கையெழுத்திடும் அஸ்லாஸ் அட்டையில் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பதிய வைக்க வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கில் பதிவு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும். கமிஷனை அரசே தருகிறது, உங்கள் தவணையிலிருந்து ஒரு ரூபாயும் பிடிக்கத் தேவையில்லை.

இனி கவுண்ட்டர். ஆதார், பான், இரண்டு பேரின் புகைப்படம், இரண்டு பேரும் நேரில். தடை வருவது பெரும்பாலும் மனைவியின் இனிஷியலில். பானில் அப்பாவின் பெயர் விரிவாக இருக்கும், ஆதாரில் கணவரின் முதலெழுத்து, ரேஷன் கார்டில் இனிஷியலே இருக்காது. கல்யாணமானால் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்பாவின் இனிஷியலோடே கணக்கு திறக்கலாம். ஆதாரும் பானும் ஒரே எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். கிளம்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள், பிறந்த தேதியையும் சேர்த்து. பாட்டிகளின் ஆதாரில் ஜனவரி 1 என்றும் பானில் வேறு தேதியும் இருப்பது சகஜம்.

படிவத்தை நிரப்பும் மேசையில் கேட்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்: “ஏனுங்க, இது என்னத்துக்கு?” “கேக்காத, பெருக்கல் குறி போட்ட எடத்துல போடு.” அந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும். எவ்வளவு தொகை, எத்தனை வருடம், ஏ-யா பி-யா, வட்டி எந்தக் கணக்குக்கு, நாமினி யார். இந்த ஐந்தையும் இரண்டு பேரும் படித்து, படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாய்விட்டு வாசித்துக் காட்டி, அதன்பிறகு கையெழுத்து. மிஞ்சிப் போனால் ஐந்து நிமிடம். கைநாட்டு வைப்பவர்களும் தாராளமாகக் கூட்டாளி ஆகலாம். சாட்சி வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்து மாதிரியை வழக்கமாகப் போடும் விதத்திலேயே போடச் சொல்லுங்கள். கவுண்ட்டர் பதற்றத்தில் தமிழில் போடுபவர் ஆங்கிலத்தில் முயற்சி செய்துவிட்டு, அடுத்த முறை பணம் எடுக்கும்போது பொருந்தாமல் திரும்பி வருவது உண்டு.

ஏற்காடு மலைக்கு நிலைமை கொஞ்சம் வேறு. காபித் தோட்டங்களில் கணவனும் மனைவியும் பழம் பறிக்கிறார்கள், இரண்டு கூலி. அதை ஒரே கணக்கில் போடச் சொல்லாமல் அவரவர் கணக்கில் வாங்குவதே முறை. வெளி கிராமங்களிலிருந்து ஏற்காடு டவுனுக்கு வந்துபோக அரைநாள் கூலி போய்விடும் என்பதால், தபால்காரர் கொண்டுவரும் கருவியில் ஆதாரை வைத்துப் பணம் எடுக்கும் வசதி இங்கே பெரிய உதவி. மண்ணிலும் மரத்திலும் வேலை செய்து ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி அடையாளம் காணாமல் போவது இதில் உள்ள குறை. கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் ஆகவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்வதே வழி. பழம் பறிப்பு மும்முரமாகும் நவம்பருக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

2023-இல் வந்த மகளிர் மதிப்புத் திட்டத்தை இன்னும் சிலர் கேட்கிறார்கள். இரண்டு லட்சம் வரை, 7.5%. அதில் புதிதாகச் சேர்வது 2025 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. ஏற்கெனவே போட்டவர்களுக்கு இரண்டு வருடம் முடிந்ததும் பணம் கைக்கு வரும். அதை எங்கே போடுவது என்பதை அந்த அம்மாவே முடிவு செய்யட்டும்.

எம்.ஐ.எஸ். முதிரும் ஐந்தாம் வருடத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பாஸ்புக்கும் முடிப்புப் படிவமும் கொடுத்தால் அசல் சேவிங்ஸ் கணக்குக்கு வரும். ஏ வகை என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்ற கட்டத்தில் அவசரத்துக்கு மகனின் எண்ணையோ கணவரின் தனிக் கணக்கு எண்ணையோ எழுத வேண்டாம். ஐந்து வருடத்துக்கு முன் வட்டிக்காக இரண்டு பெயரில் திறந்த சேவிங்ஸ் எண்ணையே எழுதுங்கள். அது உறங்கிப் போயிருக்கிறதா என்று ஒரு மாதம் முன்னால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.